லாரி ஹாரன் விழுங்கிய வசனம்

எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்து மார்க் கேட்ட என் நைனாவுக்கு,

பயமாயிருக்கிறது நைனா. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சௌக்கியமா, இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமையில்லை. காலை ஏழு மணி ஆகிறது. பதினொன்றரைக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உன் படம் இன்று வருகிறது.

அம்மா ஐந்து மணிக்கே குளித்துவிட்டாள். நீ வாங்கித் தந்த அரக்குப் புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறாள். முன்வரிசை டிக்கெட்தான் வேண்டும் என்று ஒரு வாரமாக ஒரே பிடிவாதம். "கழுத்து வலிக்கும்மா, பின்னாடி குந்தலாம்" என்றேன். "அவரு வுழுற எடத்தாண்ட நான் குந்தணும்டா" என்று சொல்லிவிட்டாள். முன்வரிசையிலேயே எடுத்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து, எடை மேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடும் என் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். டைரக்டர் ஷெரின் இதை வாங்கிப் பத்துப் பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறாளாம். போடட்டும். உன்னைத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று உனக்குத் தெரிந்த கதையையே நடுநடுவே சொல்வேன். "எனக்கே என் கதைய சொல்றியா?" என்று சண்டைக்கு வராதே. வந்தாலும் சந்தோஷம்தான்.

நீ திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். லீவு நாட்களில் சினிமாவில் சாகப் போனாய். வில்லனுக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பேரில் ஒருவன் நீ. கத்தியால், துப்பாக்கியால், ஜீப்பால், ஒரு படத்தில் தேங்காயாலும் செத்தாய். காலடிப்பேட்டையில் பாதிப் பேருக்கு நீ 'செத்த மணி'தான். "செத்த மணி அண்ணன் வூடு எதுங்க?" என்று தெருவில் விசாரித்துக்கொண்டு வந்த கூரியர்காரர், நீயே கதவைத் திறந்து "நான்தான்பா" என்றதும் பார்சலைப் போட்டுவிட்டு ஓடினாரே, ஞாபகமிருக்கிறதா?

அத்தனை படத்தில் செத்தும் ஒரு படத்திலும் உனக்கு வசனம் கிடையாது. "ஆ" என்றுகூட நீ சொன்னதில்லை. அதற்கும் வேறு ஆள்தான் குரல் கொடுப்பான்.

ராயபுரத்து ஷெரின் உன்னைத் தேடி வந்தது அதற்காகத்தான். அவள் கதை இதுதான். ஒரு பழைய ராஜா படத்தில் முதல் ரீலிலேயே வெட்டுப்பட்டுச் சாகிற சிப்பாய் ஒருவன். தினம் நாலு காட்சி, நாலு தடவை சாகிறான். ஒரு நாள் வெட்டு கொஞ்சம் பலமாக விழ, திரையை விட்டே வெளியே உருண்டு தியேட்டரின் முன்வரிசையில் வந்து விழுகிறான். எழுந்து பார்க்கிறான். மரக்கத்தியைத் தட்டி எடுத்துக்கொண்டு, டீ குடிக்கலாம் என்று வெளியே நடந்துவிடுகிறான்.

அங்கே திரையில் படம் நின்றுவிடுகிறது. சாக வேண்டியவன் இல்லாமல் கதை எப்படி நகரும்? ஹீரோ ஓங்கிய வாளோடு கை வலிக்க நிற்கிறான். ராணி சிம்மாசனத்தை விட்டு இறங்கி, திரையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, ஜனங்களிடம் மணி என்ன என்று கேட்கிறாள். இங்கே கொருக்குப்பேட்டை ஆட்கள் சிப்பாயை ஒளித்து வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வசனம் குடுத்தாத்தான் ஆளு திரும்பி வரும்" என்று ஹீரோவிடம் பேரம் பேசுகிறார்கள். கதையைக் கேட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் திடீரென்று அழுதாய். அன்றுதான் நீ அழுது முதல் தடவையாகப் பார்த்தேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

வீட்டில் நீ செத்துப் பழகுவாய். கட்டிலிலிருந்து, படியிலிருந்து, பாத்ரூம் வாசலில், சொல்லாமல் கொள்ளாமல் விழுவாய். நான் பத்துக்கு மார்க் போட வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து இதுதான் நம் விளையாட்டு. ஏழு என்றால் உடனே எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவாய். "இன்னாடா ஏழு? முட்டி மடங்குனத பாத்தியா? கண்ணு சொருவுனத பாத்தியா? கஸ்மாலம், உனுக்கு ரசனையே கெடையாது." அம்மா மார்க் போடமாட்டாள். "எந்திரிய்யா, சோறு ஆறுது" என்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு தண்ணீர் டிரம் பக்கத்தில் விழுந்தாய். ஷூட்டிங் முடிந்து பத்தாம் நாள். அம்மா அடுப்பாண்டையிலிருந்தே "எந்திரிய்யா, தோச ஆறுது" என்றாள். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை முழுசாகத் தூக்கக்கூட இல்லை. "ஏழு" என்றேன்.

நீ சண்டைக்கு வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே விட்டோம் நைனா? ஒரு தோசை வெந்து, தட்டில் விழுந்து, ஆறுகிற நேரம். கூட ஒரு நிமிஷம் இருக்கலாம். "உடனே கூட்டி வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுப்பா" என்றார் டாக்டர். உண்மையைச் சொன்னாரா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரா? உன்னிடம் கேட்டால் தெரியும். உன்னிடம் எப்படிக் கேட்பது?

அதனால் எனக்கு முதல் பயம் இதுதான். இன்று நீ திரையில் விழுவாய். தியேட்டர் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பதற்காக எடுத்த காட்சி, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முன்வரிசையில் அம்மா இருப்பாள். பக்கத்தில் ஏழு மார்க் போட்டவன் இருப்பான்.

இரண்டாவது பயம் என் தொண்டையில் இருக்கிறது.

என் குரல் உன் குரல்தான் என்பது ஊருக்கே தெரியும். யார்டிலிருந்து போன் வந்தால் நான் எடுத்து "அலோ" என்றதுமே, "மணி அண்ணே, நைட்டு ஷிப்டுக்கு ஆளில்ல, வரியா?" என்பார்கள். நீ இருந்த வரைக்கும் அது தமாஷ். நீ போன எட்டாம் நாள் நான் வேலைக்குப் போய், முடியாமல் மத்தியானமே திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது. "அம்மா, கதவத் தொற" என்று எப்போதும் போலக் கத்தினேன். உள்ளே தடதடவென்று ஓடி வருகிற சத்தம். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

நீதான் வந்துவிட்டாய் என்று ஓடி வந்திருக்கிறாள். அங்கே நிற்பது நான்.

அன்றோடு கத்துவதை விட்டேன். ஒரு வருஷமாகக் கதவைத் தட்டுகிறேன். வீட்டுக்குள் ரகசியம் பேசுகிறவன் மாதிரி மெதுவாகத்தான் பேசுகிறேன். சளி என்றேன், தொண்டைக் கட்டு என்றேன். இப்போது அதுவே பழகிவிட்டது.

இப்படிப்பட்டவனைத்தான் ஷெரின் கூப்பிட்டாள். உன் காட்சிகள் பாதிக்கு மேல் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் எடுத்தவை, மிச்சமும் அதே சாலை ஓரத்துத் தியேட்டரில். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள் சும்மா இருக்குமா? நீ பேசியது எதுவும் தேறவில்லை. ஸ்டூடியோவில் திரும்பப் பேச நீ இல்லை. "வேற ஆளு பேசினா அப்பா அப்பாவா இருக்க மாட்டாரு பாபு. மொத மொத அவருக்குக் கெடச்ச வசனம். நீதான் பேசணும்" என்று படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

டப்பிங் அறைக்குள் முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவுண்ட் அண்ணன், "தம்பி, கொஞ்சம் வாயத் தொறந்து பேசு தம்பி" என்று கெஞ்சினார். எதிரே அவ்வளவு பெரிய திரையில் நீ, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய். தண்ணீர் கேட்கிறாயோ என்று இருந்தது. இரண்டாம் நாள் எப்படியோ வாயைத் திறந்தேன். "இன்னாபா, எத்தினி தபாதான் சாவறது?" என்று நீ பேசினாய். சத்தியமாக நீதான் பேசினாய். நான் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஆனாலும் முடித்துக் கொடுத்தேன். ஒரே ஒரு இடம் தவிர.

கடைசிக் காட்சி. கடற்கரைக் கருங்கல் தடுப்பின் மேல் இரண்டு கழி நட்டு, வெள்ளைத் திரை கட்டியிருக்கிறார்கள். சிப்பாய் மனசு மாறித் திரைக்குள் திரும்பப் போகிறான். போகும்முன் ஒரு தடவை திரும்பி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். ஷெரின் எழுதிக் கொடுத்தது "சரி, நான் வரேன்" என்ற மூன்றே சொல். நீ அதைச் சொல்லவில்லை. உதடு நீளமாக அசைகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. பதிவில் ஹாரன் மட்டும்தான் இருக்கிறது. இன்னொரு தடவை எடுத்திருக்கலாம். உன் முகம் அப்படி வந்துவிட்டதாம், ஷெரினுக்கு மனசு வரவில்லை.

என்ன சொன்னாய் என்று யாருக்கும் தெரியவில்லை. ஷெரின் கேமராக்காரரைக் கேட்டாள், லைட் பையன்களைக் கேட்டாள், டீ கொடுத்தவரைக்கூடக் கேட்டாள். நான் நூறு தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைசிச் சொல் 'கீறேன்' என்பது மட்டும் உன் பல் தெரிவதிலிருந்து பிடிபட்டது. மிச்சத்துக்கு நாங்களே ஒன்று எழுதினோம். "எல்லாரும் நல்லா இருங்கபா. நான் செத்தாலும் உங்களாண்டதான் கீறேன்." உதட்டுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. பேசிவிட்டு வந்துவிட்டேன்.

செத்துப்போன அப்பன் வாயில் பொய் வசனத்தைத் திணித்தவன் நான். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இது உறைத்தது.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீ பேசி நம்மிடம் ஒன்றுமே இல்லை நைனா. என் போனில் உன் வீடியோ பதினொன்று இருக்கிறது. பதினொன்றிலும் நீ விழுகிறாய். ஒன்றிலும் பேசவில்லை. காரியம் முடிந்த அன்று அவள் சொன்னாள். "போவுது வுடு. படத்துல அவரு கொரலு கீதுல்ல? அத்த கேட்டுக்கினு கெடப்பேன்." நான் தலையை ஆட்டினேன். குரல் தேறாது என்று தெரிந்த பிறகும் அன்று ஆட்டிய தலையை மாற்றவில்லை. பொய் சொல்ல வாய்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இதிலே இன்னொரு வம்பு. நேற்று அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு வராந்தாவில் நின்று, எதிர்க் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் நிற்கிற பொம்பளையோடு பேசிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், வெறும் உதட்டால். அப்போதுதான் பகீரென்றது. அம்மா இருபத்திரண்டு வருஷம் தகர டப்பா கம்பெனியில் பவர் பிரஸ் அடித்தவள். அந்தச் சத்தத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, எதிர் மெஷின்காரி உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசியவள். நீயும் அவளிடம்தானே அதைக் கற்றுக்கொண்டாய்? நான் படிக்கிறேன் என்று இரண்டு பேரும் கூடத்தின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் உட்கார்ந்து உதட்டாலேயே சிரித்துக்கொள்வீர்கள். "இன்னா பேசுறீங்க?" என்றால் சொல்லமாட்டீர்கள்.

அவளுக்கு உன் உதடு தெரியும் நைனா. நான் திணித்த வசனம் அவளிடம் செல்லுபடியாகாது. நீ என்ன சொன்னாய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் குரலே இல்லை என்பது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

அவள் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆவாள் என்று பயமாயிருக்கிறது. கண்டுபிடிக்காமல், என் குரலை உன் குரல் என்று நம்பிக் கண்ணீர் விட்டால், அது இன்னும் பயம். ஆயுசுக்கும் அந்தப் பொய்யோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பேன்?

கூப்பிடுகிறாள். "பாபு, நேரமாவுது, வாடா." போய்விட்டு வருகிறேன்.

*

மாலை ஐந்து மணி. வந்துவிட்டோம். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

தெருவே வந்திருந்தது. யார்டிலிருந்து ஒரு வேன் நிறைய உன் தோஸ்துகள். "செத்த மணி வாழ்க" என்று ஒருவர் கத்த, போலீஸ்காரர் ஒருவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். முன்வரிசையில் நடுவாக உட்கார்ந்தோம். அம்மா புடவை முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

கறுப்பு வெள்ளையில் ராஜா படம் ஓடுகிறது. சிப்பாய்கள் வரிசையில் நாலாவதாக நீ. ஹீரோ வாளை வீசினான். நீ விழுந்தாய். முட்டி மடங்கியது, கண் சொருகியது, எல்லாம் ஒழுங்காக. தியேட்டர் இடிந்துவிடும் போலச் சிரிப்பு. நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. காதருகில் அவள் குரல் மட்டும் கேட்டது.

"வூட்ல வுழுந்தத வுட இங்க நல்லா வுழுந்தாரு."

அழுதாளா, சிரித்தாளா? இருட்டில் தெரியவில்லை. அப்புறம் நீ திரையிலிருந்து உருண்டு வெளியே வந்தாய். அசல் எங்கள் காலடியில் வந்து விழுந்த மாதிரியே எடுத்திருக்கிறாள் ஷெரின். அம்மா சட்டென்று காலை மடக்கிக்கொண்டாள். சத்தியம். உன்மேல் கால் படக்கூடாது என்று மடக்கிக்கொண்டாள்.

நீ எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாய். "இன்னாபா, எத்தினி தபாதான் சாவறது?"

விசில் பறந்தது. அம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று வசனம் போயிற்று. அப்புறம் மெதுவாக இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கி, காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், இரண்டு பக்கமும் ஆட்கள். இடைவேளையில், "இன்னாமா, தல வலிக்குதா? வூட்டுக்குப் போலாமா?" என்று வழக்கமான ரகசியக் குரலில் கேட்டேன். "கம்முனு குந்துடா" என்றாள். விளக்கு அணைந்ததும் மறுபடியும் கை காதுக்குப் போனது. படம் முழுக்க அப்படியே இருந்தாள். ஆனால் பொத்திக்கொண்டே சிரித்தாள் நைனா. ஜனங்கள் சிரிக்கிற இடத்தில் இல்லை. வேறு இடங்களில்.

கடைசிக் காட்சி வந்தது. நீ திரும்பினாய். என் குரல் தியேட்டர் முழுக்க நிறைந்தது. எல்லாரும் நல்லா இருங்கபா, நான் செத்தாலும் உங்களாண்டதான் கீறேன். பின்னால் யாரோ விம்மினார்கள், கைதட்டல் எழுந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். திரை வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அவள் உதடு உன் உதட்டோடு கூடவே அசைந்தது. ஆனால் அது என் வசனம் இல்லை.

வெளியே வந்ததும் ஷெரின் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தெரு ஜனம் சூழ்ந்துகொண்டது. எல்லோரையும் அனுப்பிவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான்டா பேசிகீற."

அவள் பக்கம் திரும்பினேன். "எப்பமா தெர்ஞ்சிச்சி?"

"மொத வார்த்தையிலயே. புருசன் கொரலு எது, புள்ள கொரலு எதுன்னு எனுக்குத் தெர்யாதா? ஊரு ஏமாறும், நான் ஏமாறுவனா?"

"கோவமாமா? அதான் காதப் பொத்திக்கினியா?"

"கோவம் இன்னாடா கோவம். நான் அவரு பேசறத கேக்க வந்தேன். நீ குறுக்கால வந்துகினே இருந்த. பொத்திக்கினதும் அவரு பேசறது ஜோரா கேட்டுச்சி. கம்பெனில எங்களுக்கு எப்டி கேக்குமோ அப்டி." அப்புறம் வாய்க்குள்ளேயே சிரித்தாள். "ஷெரினு எழுதுனத வுட்டு பாதி எடத்துல வேற இன்னான்னமோ பேசிகீறாரு மனுசன். நல்லவேள, ஊருக்குக் கேக்கல."

"கடைசில இன்னாமா சொன்னாரு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உனுக்குத் தெர்யாதா? அன்னிக்கி நான் அங்கதான நின்னேன். சோறு எட்தாந்து குடுத்துட்டு கூட்டத்துல நின்னு பாத்துகினு இருந்தேன். திரும்பி என்னப் பாத்தாரு. 'வெயில்ல இன்னா நின்னுகினு கீற, வூட்டாண்ட போ, நான் வந்துகினே கீறேன்'னாரு. சரின்னு நான் வூட்டுக்கு வந்துட்டேன்."

அவ்வளவுதான் நைனா. மொத்தப் படமும் ஒரு வசனம் கேட்டு அலைந்தவன் நீ. கடைசியில் கிடைத்த வசனத்தை ஊருக்குச் சொல்லாமல் அம்மாவுக்குச் சொன்னாயா? ஒரு பெரிய டயலாக் எழுதி உன் வாயில் வைத்த எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. ஷெரினிடம் சொல்லி மாற்றச் சொல்லட்டுமா என்றேன். "அடப் போடா. அவரு என்னிக்கு அப்டி உதாரு வுட்டாரு? ஆனா ஜனம் கை தட்டுது, தட்டிட்டுப் போவட்டும்" என்றாள்.

ஆட்டோ வரவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அப்போது கேட்டேன். "அன்னிக்கி நான் கதவத் தொறன்னு கத்துனப்ப நைனான்னு நெனச்சிதான ஓடியாந்த?"

"யாரு சொன்னது?"

"ஓடியாந்து என்னப் பாத்துட்டு அப்டியே நின்னுட்டியே."

அம்மா இப்போது பேசிய குரல் வேறாக இருந்தது. "அவரு பூட்டு எட்டு நாளு. வேலைக்குப் போனவன் மத்தியானத்துலயே வந்து கத்துற. உனுக்கு இன்னா ஆச்சோன்னு உயிரு போவ ஓடியாந்தேன்டா. நீ முழுசா நிக்கிற. பேச்சு வரல எனுக்கு. அழுதுருவேன்னு உள்ள பூட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிலேர்ந்து நீ கூப்புடறதே இல்ல. மீட்டர் பாக்க வந்தவன் மாரி தட்டுற. வூட்டுக்குள்ள பூன மாரி பேசுற. எனுக்கு அவரு கொரலும் பூட்சி, உன் கொரலும் பூட்சி."

நடுரோட்டில் நின்று அழுதேன் நைனா. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் அந்த வீட்டை ஊமையாக்கி வைத்திருந்தேன்.

ஏழு மார்க் போட்டதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். "நானும்தான் தோச ஆறுதுன்னேன்" என்றாள். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாயா என்ற கேள்வி தீரவில்லை. அது இருக்கும். எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கும்.

கீழே படியடியில் வந்து செருப்பைக் கழற்றும்போது, "நீ கீழயே நில்லு. நான் மொதல்ல போறேன். அப்பால வா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

படியேறி வந்தேன். கதவு சாத்தியிருந்தது. கை தன்னால் தட்டப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். டப்பிங் அறையில்கூட இவ்வளவு பயமில்லை. நான் கூப்பிட்டு, உள்ளே அந்தத் தடதடவென்ற ஓட்டம் மறுபடி கேட்டால்? அவள் சொன்னதெல்லாம் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று ஆகிவிட்டால்? பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, நீ கத்துவாயே, அந்தக் குரலில், என் குரலில், கத்தினேன்.

"அம்மா, கதவத் தொற!"

ஓட்டமில்லை. அடுப்பாண்டையிலிருந்து பதில் மட்டும் வந்தது.

"தொறந்துதான்டா கீது. உள்ள வா, தோச ஆறுது."

இதுதான் இன்றைய சேதி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கும் பயமாகத்தான் இருக்கும் என்று தெரிகிறது. யாராவது சும்மா கீழே உட்கார்ந்தால்கூட எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் இந்தக் கதவைத் தட்டமாட்டேன். தினமும் தெரு கேட்கக் கூப்பிட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன். யாராவது தரையில் விழுந்தால் மார்க் போடாமல் முதலில் ஓடிப்போய்த் தூக்குவேன்.

அந்த ஏழு மார்க்கை மட்டும் மாற்றமாட்டேன். சண்டை போட வேண்டுமென்றால் நீயே வா. கதவு திறந்துதான் கீது.

பாக்கி மூன்று மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உன் மவன்,
பாபு